நீலத் துணி மூட்டை

கிளம்புகிற நேரத்தில்தான் அந்த மூட்டை லிஃப்ட்காரர் கண்ணில் பட்டது. விடுதி வாசலில், மனைவி டீச்சரம்மாவின் முதுகுப் பைக்குப் பக்கத்தில், நீலத் துணியில் சுற்றிக் கயிற்றால் இறுக்கிக் கட்டி, சாதுவாக உட்கார்ந்திருந்தது. தூக்கிப் பார்த்தார். அம்மாடி! நாலு கிலோவுக்குக் குறையாது.

'இஸ்திரிப் பெட்டி!' என்று முடிவு கட்டினார். வேறென்னவாக இருக்கும்? ஒரு சுருக்கம் விழுந்த உடுப்போடு வகுப்புக்குள் கால் வைக்காதவள் டீச்சரம்மா. அதற்காக நாற்பது நாள் மலை நடைக்கு இஸ்திரிப் பெட்டியா?

கேட்கவும் முடியாது. பை கட்டும்போது வந்த சண்டையில் முப்பத்தைந்து வருஷக் குடித்தனமே ஆட்டம் கண்டு, கடைசியில் ஓர் ஒப்பந்தம் ஆகியிருந்தது: "உங்க பையில என்ன இருக்குன்னு நான் கேக்க மாட்டேன். என் பையில என்ன இருக்குன்னு நீங்க கேக்கக் கூடாது."

விட்டுவிட்டுப் போகவும் முடியாது. பாதி வழியில் நினைப்பு வந்து அவள் திரும்பி ஓடுவாள். அன்றைக்குத்தான் நடையின் இரண்டாம் நாள்; மகள் வைத்த கெடு வேறு. "ரெண்டாம் நாள் சாயங்காலம் அஞ்சு மணிக்குள்ள ரெண்டாவது விடுதியிலேர்ந்து போன் வரணும். வரலைன்னா கார் எடுத்துட்டு வந்து ரெண்டு பேரையும் அள்ளிப் போட்டுக்கிட்டுப் போயிடுவேன்!" இந்த நடையோ டீச்சரம்மாவின் இருபது வருஷத்து ஆசை.

அவள் தண்ணீர் பிடிக்கப் போயிருந்தாள். மூட்டையை அவள் பையின் அடியில் திணித்துவிட்டு, நல்ல பிள்ளையாக நின்றுகொண்டார்.

நாலடி வைக்கவில்லை. முதுகுக்குப் பின்னால் விடுதிக் கதவு டமாலென்று அறைந்து சாத்திக்கொண்டது.

"விடுதிக்காரம்மாவுக்கு என்னங்க இவ்வளவு கோபம்?"

"நேத்து என் குறட்டை கொஞ்சம் ஓவர்."

முதல் மேட்டிலேயே டீச்சரம்மாவுக்கு மூச்சு வாங்கியது. முப்பது வருஷம் லிஃப்டுக்கு எண்ணெய் போட்டு ஊரையே மேலே ஏற்றிவிட்டவருக்கு, கட்டினவள் ஏற முடியாமல் தவிப்பதைப் பார்க்கப் பொறுக்கவில்லை.

"பை கனக்குதா?"

"என் பையப் பத்திப் பேசக்கூடாது."

ஓடைக்கரையில் அவள் முகம் கழுவப் போன சமயம் மூட்டையைத் தன் பைக்கு மாற்றினார். இடம் போதவில்லை. மழைக் கோட்டு இரண்டையும் உருவி, அந்தப் பக்கம் வந்த ஆடு மேய்ப்பவரிடம் கொடுத்துவிட்டார்.

"மழை வந்தா என்ன செய்வீங்க?"

"இந்த வெயில்லயா? நல்லா சொன்னீங்க போங்க!"

அடுத்த மேடு அவர் இடுப்பைக் கழற்றியது. ஒரு மரத்தடியில் உட்கார்ந்தவர் அப்படியே கண் அயர்ந்துவிட்டார். எழுந்து பையை மாட்டினால், அட, பஞ்சு போல இருக்கிறது! 'உடம்பு பழகிடுச்சு. நமக்கென்ன வயசா ஆச்சு!' சீட்டி அடித்துக்கொண்டே ஏறினார். மேலே போய்த் திரும்பிப் பார்த்தால், டீச்சரம்மா கேள்விக்குறி மாதிரி வளைந்து வந்துகொண்டிருந்தாள்.

சந்தேகம் தட்டியது. அவள் ஓரமாக உட்கார்ந்து செருப்பைச் சரி செய்தபோது அவள் பையை எட்டிப் பார்த்தார். மூட்டை அங்கே!

'கண்டுபிடிச்சு எடுத்துக்கிட்டா. ரோஷக்காரி!'

மறுபடி மாற்றினார். இந்தத் தடவை பாரத்தைக் குறைப்பதற்கு ஒரே வழிதான். "வாம்மா, சாப்பிட்டுடலாம்" என்று இரண்டு நாளைக்கு வைத்திருந்த ரொட்டியையும் எட்டு அவித்த முட்டையையும் ஒரே மூச்சில் தீர்த்தார்கள். பாரம் ஒன்றும் குறையவில்லை. பையிலிருந்து வயிற்றுக்கு வீடு மாறியதுதான் மிச்சம்.

ஏப்பம் விட்டு முடிக்கவில்லை, கொட்டியது பாருங்கள் மழை! கீழே சரிவில் ஆட்டுக்காரர் ஒரு கோட்டைப் போட்டுக்கொண்டு கையசைத்தார். இன்னொன்றை ஒரு சினை ஆடு போட்டிருந்தது.

"அந்த ஆட்டோட கோட்டு என் கோட்டு மாதிரியே இல்ல?"

"உலகத்துல ஒரே மாதிரி ஏழு கோட்டு இருக்குமாம்."

மழை விட்டபோது மணி நாலரை. மேலே விடுதியின் கூரை தெரிந்தது. லிஃப்ட்காரரின் கால்தான் நகர மறுத்தது. 'நின்னுட்டேனே. இருபது வருஷத்து ஆசை என்னால போச்சே' என்று நொந்துகொண்டார். டீச்சரம்மா வந்து அவர் பையைத் திறந்து மூட்டையை எடுத்தாள்.

"விடு, நான் தூக்கறேன்!"

"நீங்க விடுங்க, உங்க மூஞ்சியே சொல்லுது!"

இரண்டு பேரும் விடவில்லை. கடைசியில் கைத்தடியின் நடுவில் மூட்டையைக் கட்டித் தொங்கவிட்டு, முன்னால் அவள், பின்னால் அவர், பல்லக்குத் தூக்குவதைப் போலச் சிரித்துக்கொண்டே ஏறினார்கள். ஐந்துக்கு மூன்று நிமிஷம் இருக்கும்போது படியேறி, போனைப் போட்டாள் டீச்சரம்மா.

"வந்துட்டோம்டி!"

"நிஜமாவாம்மா? சரி, தோத்துட்டேன். அப்பாவ பத்திரமாப் பாத்துக்கோ!"

கால் நீட்டி உட்கார்ந்ததும் டீச்சரம்மா மெல்லச் சொன்னாள்: "ஒப்பந்தத்த மீறிக் கேக்கறேன், கோச்சுக்காதீங்க. நீங்க நொண்டுறதப் பாத்துத்தான் மரத்தடியில நீங்க தூங்கறப்ப எடுத்து என் பையில வெச்சேன். ரிட்டையரான பிறகும் அந்த ஸ்பேனருங்கள விட்டுட்டு வர மனசு வரலையா?"

"ஸ்பேனரா? அது உன் இஸ்திரிப் பெட்டியில்ல?"

"என் இஸ்திரிப் பெட்டி வீட்டுல அலமாரியில இருக்குங்க!"

இருவரும் மூட்டையைப் பார்த்தார்கள். மூட்டை சாதுவாக உட்கார்ந்திருந்தது.

அப்போது விடுதிச் சமையல்காரம்மா போனைக் கையால் பொத்திக்கொண்டு வெளியே வந்தாள்.

"கீழ் விடுதியிலேர்ந்து கேக்கறாங்க, காலையிலேர்ந்து காத்துல கதவு டமால் டமால்னு அடிச்சுக்குதாம், முட்டுக் குடுத்திருந்த கல்ல, தரை கீறாம இருக்க நீலத் துணி சுத்தி வெச்சிருந்தாங்களாம், நீங்க யாராச்சும் பாத்தீங்களா?"