நாற்பத்தொன்றாம் நம்பர் ரத்தம்

குப்பி கை நழுவி சிமெண்டுத் தரையில் விழுந்து நொறுங்கியதும் ஊசிக்காரர் முதலில் செய்த காரியம், சுற்றுமுற்றும் பார்த்தது. யாரும் இல்லை. அடுத்ததாகக் கடிகாரத்தைப் பார்த்தார். பரிசோதனைக்கூடத்து வண்டி வர இருபது நிமிஷம் இருந்தது. கடைசியாகத்தான் தரையைப் பார்த்தார். அங்கே நாற்பத்தொன்றாம் நம்பர் கிடாவின் ரத்தம், வடிகாலைத் தேடி சாவகாசமாகப் போய்க்கொண்டிருந்தது.

வேறு ஆடாக இருந்தால் இன்னொரு குப்பி எடுத்துவிட்டுப் போகலாம். இது பயில்வான். காலையில் காவலாளியும் தோட்டக்காரரும் ஆளுக்கொரு பக்கம் அமுக்கிப் பிடித்தும் அரை மணி நேரம் தண்ணி காட்டிய கிடா. இருவரும் இப்போது முழங்காலுக்கு மருந்து தடவப் போயிருந்தார்கள். ஆடுகளைப் பார்த்துக்கொள்ளும் அக்கா அன்றைக்கு லீவு.

அது ஒரு செம்மறி ஆராய்ச்சி நிலையம். இருநூற்றுச் சொச்சம் ஆடுகளுக்கும் ஒரே கொட்டகை, ஒரே தீவனம், ஒரே தண்ணீர். ஆனால் ஓர் ஆடு தொடையும் தோளுமாகத் திரண்டு நிற்கும். பக்கத்து ஆடு முதுகெல்லாம் கொழுப்பை ஏற்றிக்கொண்டு நாலு எட்டு நடப்பதற்குள் மூச்சு வாங்கும். ஏன் இப்படி என்று கண்டுபிடிக்கத்தான் நிலையத்துத் தலைவிக்குச் சம்பளம். எல்லாரும் மேடம் என்று கூப்பிடும் அந்த அம்மாளின் கட்சி, எல்லாம் மரபணுவில் இருக்கிறது என்பது. மரபணுவில் குறிப்பிட்ட ஓர் இடத்தில் ஒற்றை எழுத்து மாறியிருந்தால் போதும், தசை பெருகும், கொழுப்பு குறையும்.

நல்ல கட்சிதான். ஆனால் நாலு வருஷமாக வாரம் ஓர் ஆட்டின் ரத்தம் அனுப்பியும், திரும்பி வந்தது ஒரே பதில்: "மாற்றம் இல்லை." இருநூறு ஆட்டுக்கும் மாற்றம் இல்லை. மேடத்துக்கு மட்டும்தான் மாற்றம். தலைமுடி பாதி நரைத்துவிட்டது.

கடைசி நம்பிக்கை, புதிதாக வந்த பயில்வான். அதன் பின்னந்தொடையைப் பார்த்த மாத்திரத்தில் மேடம், "இதுக்குள்ள அந்த எழுத்து இல்லாட்டி நான் படிச்சதெல்லாம் வேஸ்ட்" என்று சொல்லிவிட்டார்.

ஊசிக்காரர் வேலையில் சேர்ந்து ஒரு மாசம். அதற்கு முன் அந்தப் பதவி நாலு வருஷம் காலியாகக் கிடந்தது. ஆறு மாசம் ஒழுங்காகப் பார்த்தால் நிரந்தரம் என்று சொல்லியிருந்தார்கள். அவர் புதுக் குப்பியும் ஊசியுமாகப் பயில்வானின் அடைப்புக்குள் நுழைந்தார். நுழைந்ததைவிட வேகமாக வெளியே வந்தார். அந்த வேகத்தில் அவர் பங்கு எதுவும் இல்லை.

இடுப்பைப் பிடித்துக்கொண்டு எழுந்தபோது எதிரே பெரியம்மா நின்றது. நிலையத்திலேயே வயசான பெண் ஆடு. கையில் ஊசியைப் பார்த்ததும் தானாகவே பக்கத்தில் வந்து, கழுத்தை ஒரு பக்கமாகச் சாய்த்து நீட்டியது. இது தெய்வச்செயல் என்று ஊசிக்காரர் முடிவு கட்டினார். ரத்தம்தானே, பார்க்க எல்லாம் ஒரே சிவப்பு. குப்பியில் 41 என்று எழுதி ஒட்டி வண்டியில் ஏற்றிவிட்டார்.

இரண்டு வாரத்தில் பதில் வந்தது.

"மாற்றம் இல்லையாம்" என்றார் மேடம், தாளைத் திருப்பி வெறும் பக்கத்தையும் படித்துப் பார்த்துவிட்டு. "எப்படிங்க இருக்க முடியும்?"

"ஒருவேளை நம்ம கண்ணுக்குத்தான் அப்படித் தெரியுதோ என்னவோ மேடம்" என்றார் ஊசிக்காரர். பேச்சை மாற்றினால் போதும் என்று சொன்னது அது.

"சரியாச் சொன்னீங்க. ஸ்கேன் பண்ணிப் பார்த்துடுவோம்."

ஸ்கேன் பண்ணுவது என்றால் கிடாவின் முதுகில் மயிரை வழித்து, களிம்பு தடவி, கருவியை அழுத்திப் பிடிக்க வேண்டும். அதுவும் ஊசிக்காரரின் வேலைதான். இடுப்பின் மறுபக்கமும் வீங்கியது. ஸ்கேன் சொன்னது: நிலையத்திலேயே அதிகமான தசை, நிலையத்திலேயே குறைவான கொழுப்பு.

மேடம் ஒரு நாள் முழுக்க அறைக் கதவைச் சாத்திக்கொண்டிருந்தார். மறுநாள் முகம் வாடி வெளியே வந்தார். "அப்போ மரபணு இல்லைங்க. இத்தனை வருஷமா நான்தான் தப்பாப் பிடிவாதம் பிடிச்சிருக்கேன். இது தீவனமாத்தான் இருக்கணும்."

பயில்வான் மற்ற ஆடுகளைத் தள்ளிவிட்டு இரண்டு மடங்கு தின்னும். ஆகவே எல்லா ஆட்டுக்கும் இரண்டு மடங்கு வைக்கப்பட்டது. மூன்று வாரத்தில் மந்தை முழுக்கக் கொழுத்தது. சில ஆடுகள் கொட்டகை வாசலில் சிக்கிக்கொண்டன. தசை மட்டும் ஒரு நூல்கூட ஏறவில்லை.

உண்மை தெரிந்தவர் ஊசிக்காரர் ஒருவர்தான். அவருக்குத் தூக்கம் போயிற்று. உண்மையைச் சொல்லாமலே மேடத்தை நல்வழிக்குத் திருப்பலாம் என்று நினைத்து, "தீவனமும் இல்லைன்னா... பயில்வான் சும்மா நிக்கறதில்ல மேடம், எப்பவும் யாரையாவது துரத்திட்டேதான் இருக்கும்" என்று இழுத்தார். அதுவும் இல்லை என்று ஆனால் மரபணுவுக்கே திரும்பி வருவார் என்பது கணக்கு.

"உடற்பயிற்சி!" என்றார் மேடம்.

மறுநாளிலிருந்து காலையும் மாலையும் இருநூறு ஆடுகளும் மைதானத்தைச் சுற்றி ஓட வேண்டும் என்று உத்தரவு. ஆடு தானாக ஓடாது. முன்னால் ஓர் ஆள் ஓடினால் பின்னால் வரும். யோசனை சொன்னவர் என்ற முறையில் அந்த ஆள் ஊசிக்காரர்.

"ஆபீசுல அப்படி என்னதான் வேலை பாக்கறீங்க?" என்று மனைவி கேட்டாள். சட்டையை மூன்றாவது தடவையாகப் பிடித்துத் தைத்துக்கொண்டிருந்தாள்.

"ஆட்டுக்கு முன்னாடி ஓடறேன்."

"எதுக்கு?"

"விஞ்ஞானத்துக்கு."

ஒரு மாசம் கழித்து எல்லாரையும் எடை போட்டார்கள். இளைத்தது ஊசிக்காரர் ஒருவர்தான்.

ஓடியதில் இன்னொரு வினையும் வந்து சேர்ந்தது. தினமும் அவரை முட்டுகிற தூரத்தில் ஓடிவரும் பயில்வான், ஒருநாள் அவர் கால் இடறி விழுந்தபோது முட்டவில்லை. நின்று, எழுந்திருக்கும்வரை காத்திருந்து, பிறகுதான் முட்டியது. அன்றிலிருந்து அவருக்கு அந்தக் கிடாவின் மேல் பாசம் பிறந்துவிட்டது. அடைப்புக்குப் பக்கத்தில் போனால் அதன் நெற்றியைத் தடவிக் கொடுத்துவிட்டுத்தான் நகர்ந்தார்.

அப்போது பார்த்துத்தான் தலைமை அலுவலகத்திலிருந்து கடிதம் வந்தது. மரபணுவில் மாற்றம் உள்ள கிடா என்றால் இனப்பெருக்கத்துக்கு வைத்துக்கொள்ளலாம். இல்லாத கிடாக்களை வெள்ளிக்கிழமை இறைச்சி லாரியில் ஏற்றிவிடவும். பட்டியலில் முதல் நம்பர் 41.

வெள்ளிக்கிழமை காலை லாரி வந்து வாசலில் நின்றது. பயில்வான் யாரையும் முட்டாமல், லாரியைப் பார்த்தபடி அமைதியாக நின்றது. ஊசிக்காரர் அதன் நெற்றியைத் தடவிக் கொடுத்தார். வேலை போனால் போகட்டும். தன் கை நழுவியதற்கு இது ஏன் சாக வேண்டும்? விறுவிறுவென்று மேடத்தின் அறைக்குள் போனார்.

அக்கா அங்கேதான் இருந்தார், லாரிக்காரருக்குக் கொடுக்க வேண்டிய பட்டியலில் கையெழுத்து வாங்கிக்கொண்டு.

"மேடம், அது பயில்வான் ரத்தம் இல்ல."

"எது?"

"நாற்பத்தொண்ணுன்னு எழுதி அனுப்பினேனே, அது. குப்பி உடைஞ்சு போச்சு. வண்டி வந்துடும்னு பயத்துல பெரியம்மாகிட்ட எடுத்து அனுப்பிட்டேன். பயில்வான் ரத்தத்தை இதுவரைக்கும் யாருமே சோதிக்கல. அதை லாரியில ஏத்தாதீங்க மேடம். வேணும்னா என்னை அனுப்பிடுங்க."

மேடம் பேனாவை மூடினார். எழுந்தார். மறுபடி உட்கார்ந்தார்.

"உங்களால நான் மரபணுவே இல்லைன்னு எழுதிக் குடுத்தேன். இருநூறு ஆட்டைக் கொழுக்க வச்சேன். உங்களையும் ஓட விட்டேன்."

"என்னை ஓட விட்டது பரவாயில்ல மேடம்."

"பேசாதீங்க! ஒரு ஆட்டு ரத்தத்தை இன்னொரு ஆட்டு நம்பர்ல அனுப்பறதா? அது எவ்வளவு பெரிய மோசடின்னு தெரியுமா? இதோ நிக்கறாங்களே அக்கா, நீங்க வர்றதுக்கு முன்னாடி நாலு வருஷம் தனியாளா ரத்தம் எடுத்து அனுப்பினவங்க. படிக்காதவங்க. இருநூறு குப்பியில ஒரு குப்பி உடைஞ்சதில்ல, ஒரு வாரம் தவறினதில்ல, அவங்களை ஒரு ஆடு முட்டினதில்ல. அவங்களைப் பார்த்துக் கத்துக்கக் கூடாதா நீங்க?"

ஊசிக்காரர் தலை குனிந்து நின்றார். கண் கலங்கிவிட்டது. அக்காவுக்கு அதைப் பார்க்கப் பொறுக்கவில்லை. பட்டியலை மேசைமேல் வைத்துவிட்டு அவர் தோளில் தட்டிக் கொடுத்தார்.

"அட விடுங்க மேடம், பாவம், தம்பியைத் திட்டாதீங்க. நானும் இருநூறையும் பெரியம்மாகிட்டதான் எடுத்தேன், அது ஒண்ணுதான் ஆடாம நிக்கும்."