காரில் கரைத்த புளி

பிரேக் பிடித்தது. ஹாரன் அடித்தது. முன்விளக்கு, பின்விளக்கு எல்லாம் எரிந்தன. மெக்கானிக் முனியன் கையைத் துடைத்துக்கொண்டு, வண்டி எஃப்.சி. காட்டத் தயார் என்றான். பிறகு மூக்கைச் சுருக்கி, இந்த வாசனையைக் கழற்றத்தான் தன்னிடம் ஸ்பேனர் இல்லை என்றான்.

அப்படியொரு வாசனை இருப்பதே தேசம்மாவுக்கு அன்றுதான் தெரியும். ஊரூர் குப்பத்திலிருந்து அடையாறு அடுக்குமாடி வீடுகளுக்கு நான்கு வருஷமாக அந்தச் சின்னக் காரில்தான் அவளுடைய மீன் போகிறது. அதற்கு முன்னால் தலையில் கூடை. பஸ்ஸில் ஏறினால் பக்கத்து சீட்டுக்காரி எழுந்து போவாள். ஷேர் ஆட்டோ நிற்கவே நிற்காது. பழைய காரானாலும் அதை வாங்கிய பிறகுதான் தேசம்மா கழுத்து வலி இல்லாமல் தூங்கினாள்.

காருக்குப் பதினைந்து வயது முடிகிறது. புதன்கிழமை ஆர்.டி.ஓ. ஆபீஸில் காட்டி, நல்ல வண்டிதான் என்று எழுதி வாங்கினால் இன்னும் ஐந்து வருஷம் ஓட்டலாம். இல்லாவிட்டால் மறுபடியும் கூடை. அதிலும் இது வெள்ளை போர்டு வண்டி, சொந்த உபயோகத்துக்கு மட்டும். இதில் வியாபாரம் நடக்கிறது என்று தெரிந்தால் அதோடு சரி. மருமகன் ஆரோக்கியராஜ் முன்கூட்டியே போய் வேவு பார்த்துவிட்டு வந்தான்.

"பிரேக் இன்ஸ்பெக்டரு பேரு ஸ்ரீவத்சன், அத்தே. நெத்தி நெறைய நாமம். மீனு வாசன பட்டா ரெண்டு தெரு தள்ளி ஓடற ஆளு."

தேசம்மாவுக்கு வயிற்றில் புளியைக் கரைத்தது. யோசனையும் அதிலிருந்தேதான் வந்தது. மீன் ஆய்ந்த கைக்கு என்ன போடுகிறோம்? மீன் சட்டிக்கு என்ன போட்டுத் தேய்க்கிறோம்? ஞாயிற்றுக்கிழமை காலையில் இரண்டு கிலோ புளியை அண்டாவில் கரைத்து, சீட், டிக்கி, கால் மிதி என்று ஓர் இடம் விடாமல் ஊற்றித் தேய்த்தாள்.

மத்தியானம் மழை பிடித்துக்கொண்டது. திங்கட்கிழமையும் விடவில்லை. சீட்டுப் பஞ்சு குடித்த புளித்தண்ணீர் குடித்தபடியே இருந்தது. மீனோடு புளி சேர்ந்தால் என்ன ஆகும் என்பது குப்பத்தில் பிறந்தவளுக்குத் தெரியாமலா இருக்கும்? அவசரத்தில் அது தோன்றவில்லை. தெருவில் போனவர்கள் நின்று, யார் வீட்டில் குழம்பு கொதிக்கிறது என்று விசாரித்தார்கள். காரின் கூரை மேல் ஏழு பூனைகள் சோறு வடிக்கக் காத்திருப்பவை போல உட்கார்ந்திருந்தன.

மகள் ஜான்சிக்கு தி.நகர் ஜவுளிக்கடையில் வேலை. ஏ.சி.யில் நிற்பவள் என்பதால் வாசனை விஷயத்தில் வீட்டில் அவள் வைத்ததுதான் சட்டம். செவ்வாய்க்கிழமை அவள் தணல் போட்ட மண்சட்டியைக் காருக்குள் வைத்து, சாம்பிராணியை அள்ளிப் போட்டுக் கண்ணாடிகளை ஏற்றிவிட்டாள். ஈரமும் காயும், வாசனையும் போகும் என்பது கணக்கு.

ஒரு மணி நேரம் கழித்துக் கதவைத் திறந்தபோது உள்கூரைத் துணி அடுப்படிச் சுவர் மாதிரி கறுத்திருந்தது. ஈரம் அசையவில்லை. குழம்பு வாசனையும் அப்படியே இருந்தது. அதன் மேல் மாதா கோயில் பூசை வாசனை ஏறிக்கொண்டது.

"பூ வெச்சா எல்லாம் அமுங்கிடும்மா" என்றாள் ஜான்சி.

புதன் காலை மயிலாப்பூர் மாட வீதியிலிருந்து முப்பது முழம் மல்லி வந்தது. கண்ணாடியில், சீட்டு முதுகில், ஜன்னல் ஓரத்தில் எல்லாம் சரம் தொங்கியது. இரண்டு பாட்டில் பன்னீரையும் தெளித்து, மூவரும் மாதாவை வேண்டிக்கொண்டு கிளம்பினார்கள்.

ஸ்ரீவத்சன் காக்கி உடுப்பில், சொன்னபடியே நாமத்தோடு வந்தார். தேசம்மா மூச்சைப் பிடித்துக்கொண்டாள். பிரேக் சரி, ஹாரன் சரி, விளக்கு சரி. ஸ்டியரிங்கைத் திருப்பிப் பார்க்க அவர் உள்ளே உட்கார்ந்தார். உட்கார்ந்தவர் ஏதோ யோசித்துவிட்டு மெல்ல எழுந்தார். காக்கியின் பின்பக்கம் பூராவும் புளித்தண்ணீர். அண்ணாந்து கூரையைப் பார்த்தார், பிறகு பூவைப் பார்த்தார்.

"ஏம்மா, இது கல்யாண வண்டியா? வாடகைக்கு விடறீங்களா?"

"வாடகலாம் இல்ல சார். எங்க வூட்டு கல்யாணம்" என்று தேசம்மா வாய்க்கு வந்ததைச் சொன்னாள்.

"பொண்ணு மாப்பிள்ளை எங்கே?"

வேறு வழியில்லாமல் அவள் கையைக் காட்டினாள். ஜான்சி தாலியைச் சட்டென்று உள்ளே தள்ளிவிட்டுத் தலையைக் குனிந்துகொண்டாள். கல்யாணமாகி ஆறு வருஷமான ஆரோக்கியராஜ், கிரீஸ் படிந்த சட்டையோடு புது மாப்பிள்ளையாகச் சிரிக்கப் பார்த்தான். சிரிப்பு வரவில்லை. கல்யாணம் எத்தனை மணிக்கு என்று அவர் கேட்டதும், பதினொரு மணி என்றாள் தேசம்மா. அதே மூச்சில் சாயங்காலம் என்றான் மாப்பிள்ளை.

மணி பதினொன்றே கால் ஆகியிருந்தது.

ஸ்ரீவத்சன் பேனாவை எடுத்தார். சீட்டில் தண்ணீர், கூரை கருகியிருக்கிறது, வாடகைக்கு ஓடுவதாகச் சந்தேகம். பூவையெல்லாம் எடுத்து, காயவைத்து, அடுத்த புதன் கொண்டுவரச் சொன்னார். அதுவரை வண்டி ரோட்டில் இறங்கக் கூடாது.

வாசலில் ஜெராக்ஸும் டீயும் சேர்த்து நடத்தும் ஜமீலுன்னிசாவின் கடை ஸ்டூலில் போய் விழுந்தாள் தேசம்மா. அந்த ஆபீஸில் வந்து போகும் அதிகாரிகள் அத்தனை பேரும் ஜமீலுன்னிசாவிடம்தான் டீ குடிக்கிறார்கள். ஒரு வாரம் கூடை தூக்க வேண்டும் என்று நினைக்கவே தேசம்மாவுக்கு அழுகை வந்தது. நடந்ததை எல்லாம் ஒன்றுவிடாமல் கொட்டினாள். கொட்டிய பிறகு கொஞ்சம் தெம்பு வந்தது.

"போவட்டும்க்கா. மீனு வாசன மட்டும் அவுரு மூக்குக்கு எட்டவே இல்ல. அந்த மட்டும் தப்பிச்சோம்."

ஜமீலுன்னிசா டீயை ஆற்றி நீட்டினாள்.

"அவுருக்கு எந்த வாசனம்மா எட்டும்? கொரோனா வந்து போனதுலேர்ந்து அந்த சாருக்கு மூக்கே வேல செய்றதில்ல."