தென்னைநார் மெத்தைமேல் ஒரு தேக்குத் தரை

காலை ஆறே கால் மணி. மாடிப்படியில் முதலில் தெரிந்தது மாமனாரின் கைத்தடி. பின்னால், இரவெல்லாம் தூங்காத இரண்டு கண்கள்.

“மாப்ளே, நான் கீழ படுத்திருக்கேன். நீங்க மேல ரயில் ஓட்டுறீக. இனி ஒரு ராத்திரி சத்தம் வந்துச்சு, அந்த டைப் மிஷின் மாட்டுக்கொட்டகைக்குப் போயிரும். நீங்களும் கூடப் போகலாம்.”

எழுபதுகளின் தொடக்கம். காரைக்குடிச் செய்திகளைச் சென்னைப் பத்திரிகை ஒன்றுக்கு எழுதி அனுப்பி வந்தேன். மாமனார் வீட்டு மாடியறைதான் அலுவலகம். (வீட்டோடு மாப்பிள்ளை என்று ஊர் சொன்னது. நான் நிருபர் அலுவலகம் என்றேன்.) அந்த அறை போனால் எனக்கு வேறு போக்கிடம் இல்லை.

வெளிநாட்டுப் பத்திரிகை ஒன்றில் மரத்தரை போடும் படம் பார்த்திருந்தேன். மரத்துக்கு அடியில் சத்தத்தை விழுங்கும் விரிப்பு ஒன்று. இடித்த வீட்டுத் தேக்குத் துண்டுகள் மலிவாகக் கிடைத்தன. தச்சரைக் கூப்பிடவில்லை. படத்தில் தச்சர் இல்லை.

விரிப்பைத் தேர்ந்தெடுப்பதில் மட்டும் நான் யாரையும் நம்பவில்லை. தக்கைத் தகடு, தார் பூசிய சாக்கு, தென்னைநார் மெத்தை மூன்றையும் பரப்பி, ஒவ்வொன்றின் மேலும் பலகை வைத்து, அம்மிக் குழவியைப் போட்டேன். கீழே என் மனைவி வள்ளி காதைத் தீட்டிக்கொண்டு நின்றாள்.

“தக்கை! கேட்டுச்சா?”

“நல்லாவே கேட்டுச்சு.”

“சாக்கு?”

“பூனை குதிச்ச மாதிரி இருக்கு.”

மெத்தை மேல் போட்டேன். பதில் இல்லை.

“வள்ளி?”

“ம்? போட்டாச்சா?”

தீர்ப்பு வந்துவிட்டது. மேலே வந்தவள் கேட்டாள்: “இது மேல நடந்து பாத்தீகளா?”

“நடக்கவா கேட்டார் உங்க அப்பா? சத்தம் வரக்கூடாதுன்னார்.”

அறை முழுக்க மெத்தையைப் பரப்பி, வச்சிரப் பசை காய்ச்சி, தேக்கை ஒட்டினேன். பசை காய்ந்ததும் மாமனாரைப் பெருமையோடு அழைத்தேன். நல்ல கனமான மனிதர். முதல் காலை வைத்தார். தரை உள்ளே போனது. எதிர் மூலையில் அலமாரி அவருக்கு வணக்கம் சொன்னது. இரண்டாவது காலில் பசை விட்டது. படார்! ஒவ்வொரு அடிக்கும் ஒரு படார்.

“மேல யாருடி வேட்டுப் போடுறது?” என்று கீழிருந்து மாமியார் கத்தினார்.

“காயக் காயச் சரியாயிரும் மாமா” என்றேன். (அப்போதும் எனக்குச் சந்தேகமே இல்லை.)

“எது காயணும், நானா?”

அதற்குள் மேசை சரிந்து, தட்டச்சு இயந்திரம் நேராக அவர் கைகளுக்கே போய்ச் சேர்ந்தது. குழந்தையை ஏந்துவது போல ஏந்திக்கொண்டு நின்றார்.

“கொட்டகை எங்குட்டு இருக்குன்னு தெரியும்ல?”

வள்ளி அரிவாள்மனை எடுத்து வந்து மீதி கிடந்த மெத்தையில் ஒரு சதுரம் அறுத்தாள். மேசையை நிமிர்த்தி அதைப் போட்டு, அப்பா கையிலிருந்த இயந்திரத்தை வாங்கி அதன்மேல் வைத்து, “அடிங்க” என்றாள். அடித்தேன். கீழே போன மாமனார் கொஞ்ச நேரம் பொறுத்துக் குரல் கொடுத்தார்.

“என்ன, நிறுத்திட்டாரா?”

“இல்லப்பா, அடிச்சுக்கிட்டுத்தான் இருக்காக.”

இப்போதும் நான் கடையில் செருப்பு, நாற்காலி, தர்ப்பூசணி எதைத் தொட்டாலும் வீட்டில் யாராவது கேட்டுவிடுவார்கள்: “நடந்து பாத்தீகளா?”

மாடியறை என்னிடமே இருந்தது. பெயர்த்தெடுத்த மெத்தையில் மாமனார் படுத்துக்கொண்டார். தேக்குத் தரை மாட்டுக்கொட்டகைக்குப் போனது.