மாமனாருக்கு நான் செய்த முதலுதவி

கையில் ஒரு சான்றிதழ் கிடைத்துவிட்டால் எனக்குத் தலைகால் புரியாது. டைப்ரைட்டிங் லோயர் பாஸ் செய்ததற்கே ஒரு மாதம் தரையில் கால் பாவாமல் நடந்தவன். தொண்ணூறுகளின் நடுவில், கிண்டியில் நான் வேலை பார்த்த பம்ப் கம்பெனியில் ஒருநாள் முதலுதவிப் பயிற்சி கொடுத்து, சட்டையில் சிவப்பு பேட்ஜ் ஒன்றையும் குத்திவிட்டார்கள். கேட்க வேண்டுமா! ஞாயிற்றுக்கிழமை கறி வாங்கப் போகும்போதுகூட அதைக் குத்திக்கொண்டு போன மடையன் நான். (கறிக்கடைக்காரர் விரலை வெட்டிக்கொள்ள மாட்டாரா என்று ஒரு நப்பாசை.)

அடுத்த மாதம் பெரிய வெள்ளிக்கிழமை வந்தது. சாந்தோமில் மாமனார் வீட்டில் இருந்தோம். அவர் ஓய்வுபெற்ற கணக்கு வாத்தியார், சர்க்கரை நோயாளி. டாக்டர் கூடாதென்று சொல்லியும் ஒருசந்தி விரதம் இருந்தார். காலையிலிருந்து பச்சைத் தண்ணீர்தான். ஆனால் பழக்க தோஷத்தில் சர்க்கரை மாத்திரையை மட்டும் தவறாமல் போட்டுக்கொண்டிருக்கிறார். மூன்று மணி வழிபாட்டுக்குக் கிளம்பியவர், நாற்காலியில் அப்படியே சரிந்தார். உடம்பெல்லாம் வியர்வை, கையெல்லாம் நடுக்கம்.

நான் பாய்ந்தேன். உள்ளுக்குள் எனக்குச் சந்தோஷமாகத்தான் இருந்தது. இப்போது நினைத்தாலும் கூசுகிறது.

"ஹார்ட் அட்டாக்! யாரும் கிட்ட வராதீங்க, காத்து வரட்டும்!"

மாமியார் டம்ளரில் சர்க்கரைத் தண்ணீரோடு ஓடி வந்தார்.

"கொஞ்சம் நகருங்க மாப்ளே, இத குடுத்துடறேன்."

"வாயில எதுவும் குடுக்கக் கூடாது அத்தை, மூச்சுக்குழாய்ல போயிடும். நான் ட்ரெயினிங் எடுத்தவன்!"

மாமனார் கண்ணைத் திறந்து டம்ளரைப் பார்த்தார். "சக்கர... சக்கர..." என்றார்.

"பாத்தீங்களா? உளற ஆரம்பிச்சுட்டாரு."

டம்ளரை நோக்கி நீண்ட அவர் கையைப் பிடித்து இழுத்து நாடி பார்த்தேன். கிடைக்கவில்லை. (மணிக்கட்டின் தப்பான பக்கத்தில் தேடிக்கொண்டிருந்தேன்.)

"ஏங்க, அப்பா சக்கரைதாங்க கேக்கறாரு!" என்று என் மனைவி ஸ்டெல்லா கத்தினாள். நான் நகர்வதாக இல்லை என்று தெரிந்ததும் ஆட்டோ பிடிக்க ஓடினாள். மாமியாரை ஒட்டடைக் கம்பும் கொடிக் கம்பும் எடுத்து வரச் சொன்னேன். ஸ்ட்ரெச்சர் செய்ய! மாப்பிள்ளை பேச்சைத் தட்டிப் பழக்கமில்லாத அந்த அம்மாள், டம்ளரைக் கீழே வைத்துவிட்டு அழுதுகொண்டே எடுத்து வந்தார்.

ஆட்டோக்காரர் உள்ளே வந்து ஒரு நிமிடம் எங்களைப் பார்த்தார்.

"இன்னா சார், பெருசு சக்கரை கேட்டுக்கினு கீது, நீ கையப் புட்ச்சிக்கினு குந்திக்கினு கீற? எங்க நைனாவுக்கும் இப்டித்தான் வரும். நவுரு!"

என் சட்டைக் காலரைப் பிடித்து அப்பால் தள்ளினார். பேட்ஜ் கழன்று ஒட்டடைக் கம்பின் பக்கத்தில் விழுந்தது. மாமியார் தண்ணீரைச் சிறிது சிறிதாகப் புகட்டினார். பத்து நிமிடத்தில் மாமனார் நிமிர்ந்து உட்கார்ந்து, "கோயிலுக்கு நேரமாச்சா?" என்று கேட்டார்.

கோயிலுக்குப் பதில் அதே ஆட்டோவில் டாக்டரிடம் போனோம். "இன்னும் கொஞ்ச நேரம் போயிருந்தா..." என்று ஆரம்பித்த டாக்டர் முடிக்கவில்லை. ஸ்டெல்லா முடித்தாள், அந்த வாரம் முழுக்க. என் ஜம்பத்துக்கு ஒரு மனிதர் செத்திருப்பார்.

திங்கட்கிழமை கம்பெனியில் பயிற்சி நோட்டைப் புரட்டினேன். மாரடைப்பு, எலும்பு முறிவு, ஸ்ட்ரெச்சர் எல்லாம் காலைப் பாடங்கள். முத்து முத்தாக எழுதியிருந்தேன். மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு 'சர்க்கரை குறைந்தால்' என்று தலைப்பு மட்டும் இருந்தது. அதற்குக் கீழே என் பேனா கோணல்மாணலாக ஒரு கோடு போட்டுக்கொண்டு பக்கத்தின் அடிவரை இறங்கியிருந்தது. நன்றாகத் தூங்கியிருக்கிறேன்.

மாமனாருக்கு இப்போது தொண்ணூறு நெருங்குகிறது. காது சரியாகக் கேட்பதில்லை. ஆனால் நான் வாசலில் மணியடித்தால் மட்டும் எப்படியோ கேட்டுவிடுகிறது. உள்ளேயிருந்து குரல் வரும்:

"மாப்ள வந்துட்டாரு. மொதல்ல சக்கர டப்பாவ என் கையில குடு, அப்புறமா கதவத் தொற."