பூனைக்குப் போட்ட கண்ணாடி

"இது நான் வரைஞ்ச பூனை. மூலையில இருந்த என் கையெழுத்து எங்கே?"

டீஷர்ட் விளம்பரத்தின் கீழே 'கோணல் மூக்கு' என்ற பெயரில் யாரோ எழுதியிருந்ததைப் படித்ததும் டிசைனர் முதலாளி மேடத்தின் அறைக்கதவைத் திரும்பிப் பார்த்தான். படத்தை இணையத்தில் சுட்டது அவன். கையெழுத்தை அழித்ததும் அவன். மேடத்துக்குத் தெரிந்தால் வேலை போய்விடும். காலையில்தான் அவர் அந்த டீஷர்ட்டை வெகுநேரம் உற்றுப் பார்த்துவிட்டுத் தன் அறைக்குள் போயிருந்தார்.

பூனையை இடவலமாகத் திருப்பிப் போட்டான்.

"திரும்பி உட்கார்ந்தாலும் என் பூனைதான்" என்று எழுதியது கோணல் மூக்கு.

பூனைக்குக் கண்ணாடி மாட்டினான். தரை துடைக்கும் அக்கா எட்டிப் பார்த்தாள்.

"பாவம், அதுக்கு எதுக்கு தம்பி கண்ணாடி?"

"நீங்க தரையைப் பாருங்கக்கா."

"பாத்துட்டுதான் இருக்கேன். ஈரமா இருக்கு, வழுக்கி விழுந்துடாத."

கோணல் மூக்கு விடவில்லை. "அதுக்குப் பார்வை நல்லாத்தான் இருந்துச்சு."

விளம்பரத்தின் கீழே பள்ளிக்கூடப் பிள்ளைகளும் கூடிவிட்டார்கள். 'திருட்டுப் பூனை!' என்று வரிசையாக எழுதித் தள்ளினார்கள். பதறிப்போனவன், 'எங்கள் சொந்த ஓவியர் வரைந்தது' என்று போட்டான்.

உடனே மேடம் கூப்பிட்டார்.

"நமக்குச் சொந்தமா ஓவியர் இருக்காரா? நாளைக்கு வரச் சொல்லு, பார்க்கணும்."

வேறு வழியில்லாமல் கோணல் மூக்குக்கே தனியாக எழுதினான்: "தப்பு என்மேலதான். மன்னிச்சிடுங்க. நாளைக்கு ஒரு தடவை வந்து காப்பாத்துங்க. எங்க மேடத்துக்கு மட்டும் தெரியக் கூடாது."

பதில் வந்தது. "வர்றேன். முதல்ல கையெழுத்தைத் திரும்பப் போடுங்க. 'இது இல்லாத பொண்ணை ஸ்கூல்ல யாரு திரும்பிப் பார்ப்பா?'ன்னு விளம்பரத்துல எழுதியிருக்கீங்களே, அதை எடுங்க. பதிமூணு வயசுப் பிள்ளையை அழவச்சா சட்டை விக்கிறது?"

அந்த வரியை எழுதியபோது பெருமையாக இருந்தது. இப்போது படிக்கக் கூசியது. அழித்தான். கண்ணாடியைக் கழற்றினான். கையெழுத்தை அதன் இடத்தில் வைத்தான். அன்று இரவு நிம்மதியாகச் சாப்பிட்டான்.

மறுநாள் காலையில் ஓவியருக்காக ஒரு நாற்காலியைத் துடைத்துப் போட்டுவிட்டு வாசலையே பார்த்துக்கொண்டிருந்தான். மேடம்தான் வந்தார். நேராக வந்து அந்த நாற்காலியில் உட்கார்ந்துகொண்டார்.

"மேடம், அது... ஓவியருக்குப் போட்டது."

மேடம் எழுந்திருக்கவில்லை. ஆனால் முகம் சிவந்துவிட்டது.

அக்கா துடைப்பத்தைச் சுவரில் சாய்த்தாள். "சரியான ஆளுதான் தம்பி உட்கார்ந்திருக்காங்க. அவங்க ரூம் குப்பைக்கூடையிலிருந்து தினமும் பாதி வரைஞ்சு கசக்கிப் போட்ட பூனையா அள்ளிக் கொட்டுறவ நான்."