கட்டாத வீட்டுக்கு வாங்கிய வேட்டி

புது ஊரில் வேலை தேடுகிறவன் காதைத் திறந்து வைத்து வாயை மூடிக்கொள்ள வேண்டும். நான் அதைத் தலைகீழாகச் செய்தவன்.

பிறந்தது வளர்ந்தது எல்லாம் மும்பை. தாத்தா காலத்தில் கன்னிவாடியிலிருந்து பிழைக்கப் போன குடும்பம். வானம் முட்டும் கட்டடங்களில் பூச்சு வேலையும் டைல்ஸ் வேலையும் பார்த்தேன். குடியிருந்த கட்டடத்தை இடிக்கப் போகிறார்கள் என்றதும் மனைவி செல்வியையும் மகளையும் கூட்டிக்கொண்டு, செல்வியின் ஊரான திண்டுக்கல்லுக்கே வந்துவிட்டேன். முப்பது மாடி பார்த்தவனுக்கு இங்கே வேலையா கிடைக்காது என்று ரயிலில் பக்கத்து சீட்டுக்காரரிடம் வழியெல்லாம் அளந்துகொண்டு வந்தேன். (அவர் எப்போதோ தூங்கிவிட்டார் என்பதைச் செல்விதான் சொன்னாள்.)

கிடைக்கவில்லை. போன இடத்திலெல்லாம் யாரிடம் வேலை பார்த்தாய் என்று கேட்டார்கள். நான் சொன்ன மும்பைக்காரர்களை அவர்களுக்குத் தெரியவில்லை, அவர்கள் சொன்ன மேஸ்திரிகளை எனக்குத் தெரியவில்லை. செல்வியின் அண்ணன் முருகேசன் வீட்டு மாடி அறையில்தான் தங்கியிருந்தோம். மச்சானுக்கு வாடகைப் பாத்திரக் கடை. சுற்று வட்டாரத்தில் யார் வீட்டு விசேஷத்துக்கும் அண்டாவும் சேரும் அவரிடமிருந்துதான் போகும். தங்கமான மனிதர். அதுதான் ஆபத்தே. ஒருநாள் சாப்பிடும்போது வெகு அன்பாகச் சொன்னார்.

"திங்கக்கெழமையில இருந்து நம்ம கடைக்கே வந்துருங்க மாப்ள. சேர் ஏத்தி எறக்க ஆளில்ல."

மச்சான் வீட்டில் தூங்கி, மச்சான் சோற்றைத் தின்று, மச்சான் சேரையும் தூக்கினால் அந்த ஊரில் எனக்கென்று என்ன இருக்கும்? ஏற்கெனவே தெருவில் என் பெயர் யாருக்கும் தெரியாது. 'முருகேசன் தங்கச்சி வீட்டுக்காரரு' என்றுதான் சொன்னார்கள். காலம் முழுக்க அப்படியே இருந்துவிடுவேனோ என்று பயமாக இருந்தது. திங்கட்கிழமைக்குள் கொத்து வேலை பிடித்தே தீர வேண்டும் என்று, கரண்டியும் மட்டம் பார்க்கும் ரசமட்டமும் போட்ட பையைத் தோளில் மாட்டிக்கொண்டு அலைந்தேன்.

சனிக்கிழமை ஒரு டீக்கடைக்காரர் மனமிரங்கினார். தாடிக்கொம்பு ரோட்டில் ஒரு புது வீடு இருக்கிறது, ஆரோக்கியசாமி மேஸ்திரி நாளை விடியற்காலையில் அங்கேதான் இருப்பார், போய்ப் பிடித்துக்கொள் என்றார். ஞாயிற்றுக்கிழமை, அதுவும் விடியற்காலையில் மேஸ்திரிக்கு அங்கே என்ன வேலை என்று நான் கேட்கவில்லை. அன்று சாயங்காலம் மச்சான், நாளைக்கு ஒரு விசேஷ வீட்டுக்குச் சேர் போகிறது, சும்மா கூட வாங்களேன் என்றார். எனக்கு இன்டர்வியூ இருக்கிறது என்று சொல்லி முகத்தைத் திருப்பிக்கொண்டேன். (எந்த வீடு என்று அவரிடமாவது கேட்டிருக்கலாம்.)

போய்ப் பார்த்தால் வாசலில் வாழைமரம். சீரியல் லைட். ஸ்பீக்கர் காதைக் கிழித்தது. கிரகப்பிரவேசம். பெயிண்ட் வரை அடித்து முடித்த வீட்டில் கொத்து வேலைக்கு எங்கே போவது என்று குழம்பி நின்றேன். அண்ணாந்து பார்த்தால் மொட்டை மாடித் தூண்களில் கம்பி நீட்டிக்கொண்டிருந்தது. ஓகோ, மாடி எடுக்கப் போகிறார்கள், அதற்குத்தான் நல்ல நாளில் ஆள் சேர்க்கிறார்கள் என்று நானே முடிவு செய்துகொண்டேன்.

அதற்குள் பட்டுச் சட்டை போட்ட ஒருவர் என் பையில் நீட்டிக்கொண்டிருந்த ரசமட்டத்தைப் பார்த்துவிட்டு ஓடி வந்து கையைப் பிடித்தார்.

"வாங்க மேஸ்திரி. போன்லயே பேசிப் பேசி, இன்னைக்குத்தான் மொகத்தப் பாக்குறேன்."

அவர்தான் வீட்டுக்காரர். சிங்கப்பூரில் இருந்துகொண்டு போனிலேயே வீட்டைக் கட்டி முடித்தவர், கூட நின்று பார்த்துக்கொண்டது அவர் தம்பி என்பதெல்லாம் எனக்குப் பிற்பாடுதான் தெரியும். அப்போதைக்கு, டீக்கடைக்காரர் என்னைப் பற்றிப் போனில் சொல்லியிருக்கிறார் என்று நினைத்துக்கொண்டேன். நான் வேலைக்காக வந்தேன் என்று சொன்னது ஸ்பீக்கரில் அமுங்கிப்போனது. வேலையெல்லாம் பிறகு என்று உள்ளே இழுத்துப் போய்ப் பாயில் உட்கார வைத்தார்.

பாயில் ஏற்கெனவே மூன்று பேர் இருந்தார்கள். ஆசாரி, எலக்ட்ரீசியன், பிளம்பர். ஆசாரி என்னை ஏற இறங்கப் பார்த்து, "டைல்ஸ் மேஸ்திரியா?" என்றார். உண்மைதானே, தலையாட்டினேன். வீட்டுக்காரர் ஒவ்வொருவராகப் பொட்டு வைத்து, வெற்றிலை பாக்கு பழத்தோடு வேட்டியும் துண்டும் வைத்த தட்டை நீட்டிக்கொண்டே வந்தார். என் தட்டு எல்லாவற்றையும்விடப் பெரியது. துண்டை அவரே என் தோளில் போட்டுவிட்டார். கண் கலங்கிவிட்டது. மும்பையில் வேலை முடிந்த மறுநாளே வாட்ச்மேன் எங்களை லிப்டில் ஏற விடமாட்டான். இந்த ஊரில் வேலைக்குச் சேர்க்கும்போதே வேட்டி கொடுக்கிறார்களே, முடித்தால் என்னதான் கொடுக்க மாட்டார்கள் என்று நினைத்துக்கொண்டேன்.

அப்போது வீட்டுக்கார அம்மா என்னைக் குளியலறைக்கு அழைத்துப் போய், ஒரு கப் தண்ணீரைத் தரையில் ஊற்றினார். தண்ணீர் ஓட்டைப் பக்கம் போகாமல் கதவுப் பக்கம் வந்து நின்றது. "இது ஏன் மேஸ்திரி இப்பிடி?" என்றார்.

ஆகா, இதுதான் இன்டர்வியூ.

ரசமட்டத்தை வைத்துப் பார்த்தேன். பார்க்கவே தேவையில்லை. எழுந்து, கூட்டத்துக்கே கேட்கும்படி சொன்னேன்.

"வாட்டமே தப்புங்க. கண்ண மூடிக்கிட்டுப் போட்டுருக்கான். இவனையெல்லாம் கரண்டியத் தொடவே விடக் கூடாது."

வீட்டுக்காரர் என் கையை இறுகப் பிடித்துக்கொண்டு, தன் தப்பை இப்படிச் சபையில் ஒத்துக்கொள்கிற மனிதரை வாழ்நாளில் பார்த்ததில்லை என்றார். 'தன் தப்பு' என்றது எனக்குப் புரியவில்லை. திண்டுக்கல்லில் பாராட்டுவது இப்படித்தான் போலும் என்று உற்சாகமாகி, அடுப்படிக்கும் ஹாலுக்கும் போய், மூலை கோணல், பூச்சு மேடு பள்ளம், கட்டினவனுக்குக் கண்ணில் கோளாறு என்று அடுக்கினேன். சொந்தபந்தமெல்லாம் என் பின்னாலேயே வந்தது.

வாசலில் மாடு கத்தியது. பசுவும் கன்றும் ஓட்டிவரப் போயிருந்த தம்பிக்காரர் உள்ளே வந்தார். அவர் பின்னால், கையில் கயிற்றோடு, வெள்ளைச் சட்டையில் ஒரு பெரிய மனிதர். கண்ணில் கோளாறு என்று நான் சொன்ன நேரத்தில் சரியாக வந்து நின்றார்.

தம்பிக்காரர் என் தோளிலிருந்த துண்டைப் பார்த்தார். "அண்ணே, ஆரோக்கியசாமி மேஸ்திரி இந்தா நிக்கிறாரு. இது யாரு?"

அந்த நேரம் பார்த்துத் தலையில் சேர் அடுக்கோடு வாசலில் வந்து நின்றார் என் மச்சான். என்னைப் பார்த்தார், வேட்டியைப் பார்த்தார், வீட்டை ஒரு சுற்றுப் பார்த்தார்.

"மாப்ள, இந்த வீட்ட நீங்க எப்பக் கட்டுனீங்க?"

எல்லோருக்கும் புரிந்த பிறகு கடைசியாக எனக்குப் புரிந்தது. துண்டையும் எடுத்து வைத்துத் தட்டைத் திருப்பிக் கொடுத்தேன். (பழத்தை மட்டும் கொடுக்க முடியவில்லை, தின்றுவிட்டிருந்தேன்.) அழுகை முட்டிக்கொண்டு வந்தது. யார் முகத்தையும் பார்க்காமல் வெளியே போய், மச்சானின் டெம்போவிலிருந்து சேரை இறக்க ஆரம்பித்தேன். திங்கட்கிழமை ஒருநாள் முன்னாலேயே வந்துவிட்டது, வேறென்ன.

பாதி சேர் இறக்கியிருப்பேன். ஆரோக்கியசாமி மேஸ்திரி வந்து எதிரில் நின்றார். அடிப்பார் என்று நினைத்துச் சேரை நெஞ்சோடு பிடித்துக்கொண்டேன். "பாத்ரூம நீதான் வந்து போடணும்னு வீட்டுக்காரரு ஒத்தக் கால்ல நிக்கிறாரு. அம்புட்டுப் பேசுனேல்ல, நாளைக்கு வந்து ஒடச்சுப் போடு" என்றார். போகும்போது, தன் கைக்கு வந்திருந்த தட்டிலிருந்து துண்டை எடுத்து என் தோளில் போட்டுவிட்டு, வேட்டியை மட்டும் அவர் வைத்துக்கொண்டார்.

அப்படித்தான் எனக்குத் திண்டுக்கல்லில் முதல் வேலை கிடைத்தது. ஆறு வருஷம் அவரிடமே இருந்தேன். இப்போது தனியாகக் காண்ட்ராக்ட் எடுக்கிறேன். நான் கட்டும் வீட்டுக் கிரகப்பிரவேசத்துக்கெல்லாம் மச்சான் கடைச் சேர்தான் போகிறது. எனக்குத் தட்டு நீட்டும் நேரம் பார்த்து, நன்றாக விசாரித்துவிட்டுக் கொடுங்கள் என்று சபையில் சொல்லிவிட்டுப் போவார். செல்வி வாயைப் பொத்திக்கொண்டு சிரிப்பாள்.

ஆனால் இப்போது மச்சானுக்கும் ஒரு வருத்தம் இருக்கிறது. ஊரில் எனக்கு 'வேட்டி மேஸ்திரி' என்றே பெயர் நிலைத்துவிட்டது. போன மாதம் தாடிக்கொம்பில் அண்டா இறக்கப் போன இடத்தில் அவரைப் பார்த்து யாரோ கேட்டிருக்கிறார்கள்.

"நீங்க வேட்டி மேஸ்திரியோட மச்சான்தான?"

அன்று இரவு அவர் என்னோடு பேசாமல் சாப்பிட்டார். நான் இரண்டு தடவை சோறு வாங்கிச் சாப்பிட்டேன்.