சுவரோரம் முந்நூறு கிலோமீட்டர்

ஊழியர்களின் உடல்நலம் குன்றிவருவதை மேலிடம் ஆழ்ந்த கவலையுடன் கவனித்தது. கவனித்த கையோடு சுற்றறிக்கையும் விட்டது. மூன்று மாதத்துக்குள் ஒவ்வொருவரும் முந்நூறு கிலோமீட்டர் சைக்கிள் ஓட்டி முடிக்க வேண்டும். தவறியவர்கள் 'உடற்தகுதி குன்றியோர்' எனக் கருதப்பட்டு, எங்கோ கண்காணாத தூரத்திலிருக்கும் பழைய கோப்புக் கிடங்குக்கு மாற்றப்படுவார்கள்.

பதிவறை எழுத்தர் அதை இரண்டு முறை படித்தார். மனைவிக்கு உள்ளூர் ஆஸ்பத்திரியில் நர்ஸ் வேலை. கல்யாணமாகி முதல் பதினோரு வருடம் ஆளுக்கொரு ஊரில்தான் போனது. மிச்சத்தையாவது ஒரே வீட்டில் கழிக்க வேண்டும் என்பதைத் தவிர அவருக்கு வேறு ஆசை கிடையாது.

பழைய சைக்கிள் ஒன்றை மலிவாக வாங்கினார். முப்பது வருடத்துக்குப் பிறகு ஏறி உட்கார்ந்தார். முதல் வாரம் முழங்கால் பேசியது, இரண்டாம் வாரம் இடுப்பு பேசியது, மூன்றாம் வாரம் இரண்டும் அலுத்துப்போய் வாயை மூடிக்கொண்டன. தினமும் போக வரப் பதினாறு கிலோமீட்டர். மாதம் முடிந்ததும் ஒரு நோட்டுப் புத்தகத்துடன் அதிகாரியின் முன் நின்றார்.

"என்னங்க இது?"

"நான் ஓட்டின தூரம் சார். நானூறாயிடுச்சு."

"எங்க ஓட்டினீங்க?"

"ரோட்டுல சார்."

அதிகாரி மூக்குக் கண்ணாடியைக் கழற்றிவிட்டு வருத்தத்துடன் பார்த்தார். "ரோட்டுல ஓட்டினதுக்கு என்ன அத்தாட்சி?"

"ஓட்டித்தானே சார் ஆபீஸ் வந்தேன்!"

"வந்ததுக்கு அத்தாட்சி இருக்கு. கையெழுத்துப் போட்டிருக்கீங்க. ஓட்டினதுக்கு?"

"சட்டையைப் பாருங்க சார், தொப்பலா நனைஞ்சிருக்கு."

"எத்தனை கிலோமீட்டர்னு சட்டை சொல்லுமா?"

திட்டம் அங்கீகரித்த சைக்கிள் மாடிக் கூடத்தில் இருந்தது. சுவரைப் பார்த்தபடி தரையில் பதித்த சைக்கிள். அது நகராது. நகராததால் தவறான வழியில் போகவும் முடியாது. ஆகவே நம்பத்தகுந்தது. ஊழியர் எண்ணை அழுத்திவிட்டு மிதித்தால் தூரம் அவர் பெயரில் ஏறிவிடும்.

எழுத்தர் மாடிக்கு ஓடினார். சைக்கிள்மேல் லிஃப்ட்காரர் உட்கார்ந்து மிதித்துக்கொண்டிருந்தார். லிஃப்ட் கெட்டு இரண்டு வருடமாகிறது. அதை இயக்குவதற்கான ஒப்பந்தம் மட்டும் கெடாமல் இருந்ததால் அவருக்கு நிறைய நேரம் கிடைத்தது.

"இப்ப யாரோட முறை?" என்றார் எழுத்தர்.

"அதிகாரி ஓடிக்கிட்டிருக்காருண்ணே. இன்னைக்கு நல்ல வேகம். சாயங்காலம் காசாளர் அம்மா. நாளைக்கு முழுக்கத் தட்டச்சுப் பிரிவு."

"நான் எப்பப்பா ஏறுறது?"

"நீங்க எதுக்கண்ணே ஏறணும்? நம்பரைச் சொல்லுங்க. கடைசி மாசத்துல ஒரு இடம் காலியா இருக்கு."

எழுத்தர் அன்று வீடு திரும்பும் வழியெல்லாம் தன்னையே விசாரித்தார். இது பொய்யா? முந்நூறு உண்மை. சைக்கிள் உண்மை. மிதித்த ஆள் மட்டும் வேறு. மூன்றில் இரண்டு உண்மை என்பது அலுவலகக் கோப்புகளில் அபூர்வமான விகிதம். மறுநாள் நம்பரைச் சொன்னார்.

மூன்று மாதம் முடிந்தது. லிஃப்ட்காரர் நீங்கலாக அலுவலகத்தின் நாற்பத்திரண்டு பேரும் இலக்கைத் தாண்டியிருந்தார்கள். மேலிடம் பூரித்துப்போய் மறு தபாலிலேயே ஆணை அனுப்பியது.

மலைமேல் புதிய கிளை திறக்கப்படுகிறது. அங்கே மோட்டார் வாகனம் ஏறாது. சைக்கிளிலேயே சுற்றிப் பணியாற்ற வல்ல ஊழியர்களை மேலிடம் வெகுநாளாகத் தேடிவந்தது. ஆகவே நாற்பத்திரண்டு பேரும் உடனடியாக அங்கே மாற்றப்படுகிறார்கள். லிஃப்ட்காரர் ஒரு கிலோமீட்டர்கூட ஓட்டியதாகப் பதிவில்லை. அவரது உடல்நிலையைக் கருணையுடன் பரிசீலித்து, கிடங்குக்கு அனுப்பாமல் அவர் மட்டும் இங்கேயே தங்க அனுமதிக்கப்படுகிறார். அலுவலகப் பொறுப்பையும் அவரே கவனிப்பார்.

"நீங்கதான் அந்த மாடி சைக்கிள்ல ஏறவே இல்லையே. போய் உள்ளதைச் சொல்லிடுங்க," என்றாள் மனைவி.

"பொய்க் கணக்குன்னு நடவடிக்கை எடுத்தா?"

"எடுக்கட்டும். மறுபடியும் லீவுக்கு லீவு வந்து போற புருஷன் எனக்கு வேண்டாம்."

மறுநாள் எழுத்தர் அதிகாரியிடம் ஒரே மூச்சில் சொன்னார்: "சார், நான் அந்த மெஷின்ல ஒரு நாள்கூட ஏறினதில்லை."

"மெதுவாப் பேசுங்க! ஒருத்தர் ஏறலைன்னு தெரிஞ்சா மத்த நாற்பத்தொரு பேரையும் விசாரிப்பாங்க. அதுவுமில்லாம, நீங்க ரோட்டுல ஓட்டுறதைத் தினமும் நானே கார்ல இருந்து பாத்திருக்கேனே. எங்க வேணும்னாலும் சாட்சி சொல்றேன்."

"சார், அன்னைக்கு ரோட்டுக்கு அத்தாட்சி இல்லைன்னு…"

"அன்னைக்கு நீங்க கேக்கலையேங்க."

அதிகாரி எழுந்து போய்க் கதவைச் சாத்தினார். திரும்பி வந்தபோது முகத்தில் பதவி இல்லை.

"எனக்கு சைக்கிள் ஓட்டத் தெரியாதுங்க. காசாளர் அம்மாவுக்கும் தெரியாதாம். விசாரிச்சுப் பாத்தா, ஆபீஸ்லயே ஓட்டத் தெரிஞ்சது நீங்க ஒருத்தர்தான்." குரல் இன்னும் இறங்கியது. "உங்க சைக்கிள்ல பின்னாடி கேரியர் இருக்கா?"

இல்லை என்று சொல்லத்தான் எழுத்தர் வாயைத் திறந்தார். முப்பது வருட சர்வீஸ் முந்திக்கொண்டது.

"மாட்டிடலாம் சார்."